ஒரே தாச்சியில் மீனும் மாம்பழமும்

மாலை ஆறரை மணிக்கு வேலைத்தலத்து பஸ்ஸில் வந்து இறங்கிப் படலையைத் திறக்கும் தாயின் காதில் முதலில் விழும் கேள்வி, “அம்மா, இரவைக்கு என்ன?” என்பதுதான். கடந்த வருட மாம்பழக் காலத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சிக் கிராமமொன்றில், எமக்குப் பழக்கமான வீட்டுத் திண்ணையில் இருந்தபோது இக்கேள்வி எமது காதிலும் விழுந்தது. கேட்டவர்கள் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு ஏழு. பதில் சொல்ல வேண்டியவளோ காலையில் இருட்டோடு எழும்பி, நாள் முழுவதும் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்துவிட்டு வந்தவள். கணவர் மேசன் வேலைக்காக வவுனியாவில் தங்கியிருந்து கிழமை முடிவில் வந்து போகிறவர்.

“பாண் இருக்குது. சம்பல் இடிக்கத் தேங்காய் இல்லை. இண்டைக்குச் சீனியோட தின்னுங்கோ” என்றாள் அவள். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. கேட்டுப் பழகிய பதில் போலும்.

நாம் குசினிக்குள் எட்டிப் பார்த்தோம். அவளுடைய மாமியார் பின்னேரம் சைக்கிள் மீன்காரரிடம் வாங்கிய குளத்து மீன், திலாப்பியா இரண்டு, துண்டு போட்டு உப்புப் பிரட்டி மண்சட்டியில் மூடி வைக்கப்பட்டிருந்தன.

“மீன் இருக்கே தங்கச்சி?” என்று கேட்டோம்.

“மீன் இருக்குதக்கா. தேங்காய் இல்லாமல் என்னெண்டு குழம்பு வைக்கிறது? நாளைக்குத் தேங்காய் எடுத்துத்தான் வைக்கவேணும்.”

குசினி வாசலில் இருந்து பத்து அடி தள்ளி ஒரு மாமரம். அதன் கீழே அன்று விழுந்த பழங்கள் ஏழெட்டுக் கிடந்தன. சில வெடித்தவை, சில ஒரு பக்கம் கன்றியவை. அவற்றின் மேல் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. “அது வியாபாரிக்குக் குடுத்த மரம் அக்கா. முத்தின காயைப் பாத்துப் புடுங்கிக்கொண்டு போவார். விழுந்து வெடிச்சதை அவர் எடுக்க மாட்டார். பிள்ளையளும் திண்டு அலுத்துப்போச்சுதுகள்.”

மீன் இருக்கிறது, பழம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பாணும் சீனியும். இதுதான் எம்மை எழுந்து கைகால் கழுவ வைத்தது. மீனைப் பொரித்து, அதே தாச்சியில் மாம்பழத்தைக் கரைத்து ஒரு குழம்பு கூட்டுவோம் என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

“மாம்பழத்தையோ? மீனோடயோ? இனிப்பும் மீனும் என்னெண்டு சேரும் பிள்ளையள்? ஆரும் கேட்டால் சிரிப்பினம்.”

வாசகர்களில் பலருக்கும் இதே எண்ணம் இருக்கும். ஆனால் எமது குழம்புச் சட்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழப்புளி என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே பழம் இருக்கிறது. புளி ஆபிரிக்காவிலிருந்து வந்த மரத்தின் பழம். எப்போதோ எம்முடையதாகி, அது இல்லாமல் மீன் குழம்பே இல்லை என்றாகிவிட்டது. தக்காளியையும் நாம் தக்காளிப்பழம் என்றுதான் கடையில் கேட்டு வாங்குகிறோம். அது தென் அமெரிக்காவில் பிறந்தது. கொறுக்காயும் ஒரு பழத்தின் காய்ந்த சுளைதான். சீனிச் சம்பலில் இனிப்பும் உறைப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. தென்னிலங்கையில் மாங்காயையும் அன்னாசியையும் இனிப்பும் உறைப்புமாகக் கறி வைப்பது வெகு சாதாரணம். பழத்தின் புளிப்பைச் சட்டிக்குள் விட்ட நாம், அதன் இனிப்பைத்தான் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

“அம்மா, பழப்புளியும் பழந்தானே?” என்று மாமியாரிடம் கேட்டோம். “புளி வேறை, பழம் வேறை” என்று அவர் முடித்துவிட்டார். ஆனாலும் அடுப்பை மூட்டித் தந்தவர் அவரே.

இனிச் சமையலுக்கு வருவோம். நாலைந்து பேருக்கு அரைக் கிலோ மீன் போதும். குளத்து மீன்தான் வேண்டுமென்பதில்லை. பாரை, சூரை, கீரி எதுவும் பொருந்தும். உப்பிட்டு வைத்த மீனைக் கழுவி, ஒரு தேசிக்காயின் பாதியைப் பிழிந்து, அரைத் தேக்கரண்டி மஞ்சள் பூசிப் பத்து நிமிடம் வையுங்கள். குளத்து மீனுக்கு இது முக்கியம். 1952ஆம் ஆண்டில் திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்ட நாள் முதல் அதன் மேல் சொல்லப்படும் குற்றம் சேற்று மணம். குளத்து நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளும் சிலவகை நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருளே அந்த மணத்துக்குக் காரணம். அது மீனின் தசையில் போய்ச் சேருகிறது. புளிப்புப் பட்டால் அந்தப் பொருள் சிதைந்துவிடும். எம் தாய்மார் மீனுக்குத் தேசிக்காய் பிழிந்ததும் புளி கரைத்து விட்டதும் வெறும் சுவைக்காக மட்டும் அல்ல. மாம்பழக் குழம்பின் புளிப்பும் இதே வேலையைச் செய்கிறது.

பத்து நிமிடம் கழிந்ததும் துண்டுகளைச் சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். இதைச் செய்யாமல் விடுகிறவர்களே அதிகம். அன்று தங்கச்சியும் “இதென்ன அக்கா, மீனுக்குத் துவாயோ?” என்றாள். ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம். ஒற்றிய துண்டுகளில் ஒரு தேக்கரண்டி கறித்தூளையும் கொஞ்சம் உப்பையும் அழுத்திப் பூசுங்கள்.

தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகக் காயவிடுங்கள். துண்டுகளை நெருக்காமல் அடுக்குங்கள். அடுக்கியபின் நாலு நிமிடம் தொடவே கூடாது. பதறிப் புரட்டினால் தோல் தாச்சியில் நிற்கும், சதை அகப்பையில் வரும். அடிப்பக்கம் பொருக்குப் பிடித்ததும் மீன் தானே தாச்சியை விடும். மறுபக்கமும் அப்படியே. பொரிந்த மீனை ஒரு கோப்பையில் எடுத்து வைத்து, எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி அளவை மட்டும் தாச்சியில் விட்டு மிகுதியை வடியுங்கள். அடியில் மண்ணிறமாக ஒட்டியிருக்கும் பொருக்கைச் சுரண்டி வீசிவிடாதீர்கள். இந்தச் சாப்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. கருகிக் கறுத்துப் போயிருந்தால் மட்டும் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கறுத்த பொருக்குக் கசக்கும்.

இனி நெருப்பைக் குறையுங்கள். கடுகு அரைத் தேக்கரண்டி, வெடித்ததும் அரிந்த சின்ன வெங்காயம் பத்து, தட்டிய உள்ளி நாலு பல்லு, பெருவிரல் நுனியளவு இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரை விட்டு, மர அகப்பையால் தாச்சியின் அடியைத் தேயுங்கள். ஒட்டியிருந்ததெல்லாம் இளகித் தண்ணீரோடு சேர்ந்து ஒரு நிறமான சாறாகும். அதிலே பிசைந்து வைத்த மாம்பழச் சதையை, ஏறக்குறைய ஒன்றரைக் கோப்பை, ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், தேவையான உப்பு. ஐந்து தொடக்கம் ஏழு நிமிடம் கொதித்தால் அகப்பையில் படியும் பதத்துக்கு வற்றும். இறக்கி வைத்துத் தேசிக்காயின் மறு பாதியைப் பிழியுங்கள். மீனைத் திரும்பத் தாச்சியில் வைத்துச் சாற்றை மேலே அள்ளி விடுங்கள். அவ்வளவுதான். அன்று நாம் மீனைத் துணியால் ஒற்றியதிலிருந்து தாச்சியை இறக்கியது வரை அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லவில்லை.

தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மண் தாச்சியில் சமைப்பவர்கள் காய்ந்த தாச்சியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அது வெடித்துப் போகலாம். அலுமினியத் தாச்சி என்றால் சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். இரும்புத் தாச்சியில் சாறு கொஞ்சம் கறுக்கும், பயமில்லை. இப்போது பலர் விரும்பி வாங்கும் ஒட்டாத தாச்சி இந்த வேலைக்கு அவ்வளவு உதவாது. ஒட்டினால்தானே கரைப்பதற்கு!

மீனைத் துணியால் ஒற்றியதற்கும் அடியில் ஒட்டிய பொருக்குக்கும் உள்ள தொடர்பைச் சொல்வதாகச் சொன்னோம். தண்ணீர் கொதிப்பது 100 பாகை செல்சியஸில். மீனின் மேலே ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு அதற்கு மேல் ஏறாது. மீன் அவியுமே தவிரப் பொரியாது. ஈரம் போய்ச் சூடு ஏறக்குறைய 140 பாகையைத் தாண்டும்போது மீனின் புரதக் கூறுகளும் சிறிதளவு சீனியும் சேர்ந்து மண்ணிறமாகி, நூற்றுக்கணக்கான புதிய மணங்களை உண்டாக்குகின்றன. லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1912ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து வெளியிட்டார். இன்றும் இந்த மாற்றம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பாணின் மேற்றோலின் மணம், வறுத்த கோப்பிக் கொட்டையின் மணம், பொரித்த மீனின் மணம் எல்லாம் இதன் பிள்ளைகள்.

விஞ்ஞானி சொல்லித்தான் இதை நாம் அறிய வேண்டும் என்றில்லை. மீன் பொரித்த தாச்சியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி, உருண்டை பிடித்துப் பிள்ளைகளின் கையில் வைத்த அம்மம்மாமார் எத்தனை பேர்! அந்த உருண்டைக்காகச் சகோதரங்கள் பட்ட சண்டையை எம்மில் யார் மறந்தோம்? அந்தச் சுவையைத்தான் இங்கே பழச்சாறு கரைத்து எடுக்கிறது. இன்று தாச்சியைத் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் சுரண்டி வாழையடியில் ஊற்றிவிடுகிறோம்.

பழத்தைத் தெரிவதில் நாமும் அடிபட்டுத்தான் தெளிந்தோம். இக்குழம்பை எமது இருப்பிடத்தில் முதன்முதல் செய்தபோது மாம்பழத்தைக் காய்ந்த எண்ணெயிலேயே நேராகக் கொட்டினோம். பழத்தின் சீனி கணத்தில் கருகி, வீடெல்லாம் புகை. இரண்டாம் தரம், நல்ல பழமாகப் போட்டால் நல்ல குழம்பு வருமென்று நினைத்து, கனிந்த கறுத்தக்கொழும்பான் மூன்றைப் பிசைந்தோம். தேசிக்காயும் விடவில்லை. மீனுக்கு ஜாம் பூசியது போல வந்து சேர்ந்தது. எம்மோடு இருந்தவர்கள் மரியாதைக்காக ஒரு வாய் உண்டார்கள். கறுத்தக்கொழும்பானைச் சமைக்காதீர்கள்; அது வெட்டித் தோலோடு சூப்பித் தின்பதற்கென்றே உண்டானது. கறிக்கு ஏற்றது விலாட்டோ, பெயர் தெரியாத புளிமாம்பழமோதான். கனிந்தது ஒன்று, செங்காய் ஒன்று என்று கலந்து பிசைந்தால் இனிப்பும் புளிப்பும் தாமாகவே அளவாகிவிடும். நார் மிகுந்த பழமென்றால் கையால் பிசைந்து நாரைப் பிழிந்து எடுத்து எறியுங்கள். விழுந்து வெடித்த பழம், ஒரு பக்கம் கன்றிய பழம் எல்லாம் இதற்கு நல்லவை. கன்றிய பகுதியை வெட்டி எறிந்தால் போதும். ஆனால் வௌவால் கடித்ததை, புழுத்ததை, புளித்து நுரைத்ததைத் தொடவேண்டாம். பறவையோ வௌவாலோ என்று தெரியாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

தேங்காய் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எம்முடைய குழம்புகளில் பெரும்பாலானவை தேங்காய்ப்பாலில் நிற்பவை. அது சுவையான பழக்கம். அதை விடச் சொல்ல நாம் யார்? ஆனால் 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் கடைகளில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டியபோது, தேங்காய் இல்லையென்றால் கறியே இல்லை என்ற எண்ணம் பல வீடுகளில் பிள்ளைகளின் கோப்பையைத்தான் வெறுமையாக்கியது. அதற்கு முன்னர் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அன்று ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில் முடியும் சமையலின் அருமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேங்காய்ப்பால் குழம்புக்குச் செய்யும் வேலை இரண்டு. ஒன்று, தடிப்புக் கொடுப்பது. மற்றது, உறைப்பை ஆற்றுவது. பழச்சதை இரண்டையும் செய்கிறது. கொழுப்பு மட்டும்தான் அதில் இல்லை. அதற்கு மீன் பொரித்த எண்ணெயில் விட்டுவைத்த ஒரு மேசைக்கரண்டி போதும். அந்த எண்ணெய்க்கு வேறு பயனும் உண்டு. மாம்பழத்தை மஞ்சளாக்கும் கரோட்டீன் என்ற சத்தையே உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கொழுப்போடு சேர்த்து உண்ணும்போது அது உடம்பில் நன்றாகச் சுவறும். விற்றமின் சீ கொதிப்பில் ஓரளவு அழிந்துபோகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே ஒரு துண்டைப் பச்சையாகவும் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். 100 கிராம் திலாப்பியா மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. சீனி தொட்ட பாணில் பிள்ளைக்குக் கிடைக்காத சத்து இதுதான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கேட்பார்கள். கணக்கைத் திறந்தே வைப்போம். 100 கிராம் மாம்பழத்தில் ஏறக்குறைய 14 கிராம் சீனி. இங்கே சொன்ன அளவுக் குழம்பில் 300 கிராம் சதை என்று கொண்டால் எல்லாமாக 42 கிராம். ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு கரண்டி சீனி போட்ட ஒரு தேநீர் அளவு அது. தேநீரில் சீனியை விட்டவர்கள் குழம்பில் ஒரு அகப்பையோடு நிறுத்திக்கொண்டு மீனை அதிகமாக எடுக்கலாம். செங்காயைக் கூட்டிக் கனிந்ததைக் குறைத்தும் வைக்கலாம். வைத்தியரின் சொல்லுக்கு மேலாக எமது சொல்லை வைக்க வேண்டாம்.

மாம்பழக் காலம் முடிந்தால் என்ன செய்வது? அன்னாசி நன்றாகப் பொருந்தும். கம்பஹா, குருநாகல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லொறியில் வந்து வடக்கின் சந்தைகளிலும் குவியும் பழம் அது. பழுத்ததில் கால்வாசியைச் சிறிதாகக் கொத்தி, சாறும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் ஒன்று: பச்சை அன்னாசிச் சாற்றில் மீனையோ இறைச்சியையோ நெடுநேரம் ஊறவைக்காதீர்கள். அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் உண்டு, மீன் களியாகிவிடும். கொதித்த சாற்றில் அந்த நொதியம் செயலிழந்துவிடும், பயமில்லை. இறைச்சி மெதுமையாகட்டும் என்று எம்மவர்கள் பப்பாசிக் காயைத் துண்டு போட்டுச் சேர்ப்பதும் இதே போன்ற நொதியத்துக்காகத்தான். பப்பாசிப் பழத்திலும் இக்குழம்பைச் செய்யலாம். தனியே போட்டால் சப்பென்று இருக்கும், ஒரு முழுத் தேசிக்காயும் கொஞ்சம் மிளகும் கேட்கும். கோழி என்றால் சிறு துண்டாக வெட்டி, பொன்னிறமாகப் பொரித்தபின் சாற்றோடு மூடி இன்னும் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். மீனும் இறைச்சியும் சேர்க்காத வீடுகளில் சோயா மீற்றை ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பொரித்துச் செய்யலாம். பிழிவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரத்தைப் பற்றிச் சொன்னது சோயாவுக்கும் பொருந்தும். கத்தரிக்காயிலும் செய்து பார்த்தோம். எமக்கு மீனைவிட அதுவே பிடித்தது என்று சொன்னால் மீன்காரர் கோபிப்பார்.

அன்றிரவு ஒன்றரை இறாத்தல் பாணை ஆறு பேர் பகிர்ந்து உண்டோம். மூத்தவள் முதல் துண்டைப் பயந்து பயந்து தொட்டாள். இளையவன் மீனை விட்டுச் சாற்றை மட்டும் கேட்டான். முள்ளெடுத்து மீனையும் சாற்றுக்குள் பிசைந்து கொடுத்ததும் பேசாமல் தின்றான். “உறைப்புக் கொஞ்சம் காணாது” என்றாள் தங்கச்சி. அவளுக்கு இன்னும் ஒரு பச்சை மிளகாய் போட்டிருக்கலாம். பிள்ளைகளுக்காகக் குறைத்தோம் என்றோம். மாமியார் எல்லோரும் உண்டபின் உண்பவர். குசினியில் தனியே இருந்தவரைத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தோம். பாணின் அடித்தோலால் தாச்சியை வழித்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், “வீணாய்ப் போகக்கூடாதெண்டு” என்றார்.

விடைபெறும் வேளையில் பேச்சு மாமரத்துக்குத் திரும்பியது. அந்த வளவில் மூன்று மாமரங்கள். வருடாவருடம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்து, மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில் வைத்துவிட்டுப் போவார். காய்க்கிறதோ காற்றில் கொட்டுகிறதோ, அது அவர் பாடு. காசு முற்பணமாக வருவது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. தைமாதத்தில் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் அந்தக் காசுதான் உதவுகிறது. ஆனால் அந்தத் தொகை மூன்று மரத்திலும் எத்தனை பழம் என்று யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன தொகை அல்ல. வீட்டுக்காரரின் கணக்கில் பழம் என்பது ஒன்றில் விற்கிற பொருள், அல்லாவிட்டால் பிள்ளைகள் கொறிக்கிற பொருள். கறிக்கு ஆகும் பொருள் என்று அது ஒருபோதும் எண்ணப்படாததால், குசினி வாசலில் நிற்கும் மரத்துக்கும் வேலியோரத்து மரத்துக்கும் ஒரே விலைதான் பேசப்பட்டது.

“இந்த ஒண்டையாவது விட்டு வையுங்கோவன்” என்று சொல்லிப் பார்த்தோம். தங்கச்சி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மாமியார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. காசுக்காரியம் அவர் கையில். நாமும் அதற்குமேல் பேசவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கிழமையில் மறுபடியும் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. மரங்கள் பூத்திருந்தன. வியாபாரி வந்துபோன கதையைத் தங்கச்சிதான் சொன்னாள். வேலியோரத்து மரங்கள் இரண்டையும் பேசி முடித்துவிட்டு அவர் குசினிப் பக்கம் திரும்பினாராம். அந்த மரத்துக்கு இந்தமுறை விலை இல்லை என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வியாபாரி தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கிறார். அப்போதும் இல்லை என்றாராம்.

“ஏன் ஆச்சி, வேறை ஆருக்கும் குடுத்திட்டியளோ?” என்று அவர் கேட்டாராம்.

“இல்லைத் தம்பி. அது கறிக்கு வேணும்.”